செக்ரோல்

கோத்தகிரி. ஐப்பசி.
கட்டபெட்டில் மரம் சாய்ந்து மூன்றாம் நாள்.
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம்
உறைபெட்டியின் சிவப்பு எண்களைத் திரும்பிப் பார்க்கிறேன்:
மைனஸ் அறுபத்தெட்டு. மைனஸ் அறுபத்தைந்து.
உள்ளே மூன்றாம் தட்டில்
புவனேந்திரன் இருக்கிறான்,
விரல்நுனி உயரக் குப்பிகள் இரண்டில்.

கூடலூர்க்காரன். தேயிலை லயத்தில் பிறந்தவன்.
ஊசி வழியே ஏற்றிய எட்டாம் காரணியை
அவன் உடம்பு அந்நியன் என்று அடித்து விரட்டியது.
ஏற்ற ஏற்ற இன்னும் பலமாக.
"நல்லது செய்ய வர்றதெல்லாம்
என்கிட்ட அடிவாங்கிட்டுத்தான் போகுதுக்கா."
எதிர்ப்பொருள் நிறைந்த ரத்தநீரை
ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் தந்தான்.
கையெழுத்திட்ட கையில் அன்றும் வீக்கம்.
இருபத்தாறு வயது.
அதற்கு மேல் எழுதப் பதிவேட்டில் கட்டமில்லை.

இன்று மேசையில் இரண்டு பையன்கள்.
போஜன், தர்சன்.
ஒரே அட்டி, ஒரே பள்ளி வேன்,
இருவருக்கும் வலது முழங்கால்.
உறையும் திறன் இருவருக்கும்
ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.
தாளைக் கேட்டால் இருவரும் ஒருவரே.

அட்டியும் அதையே சொல்கிறது:
எல்லாம் மாதியின் வயிற்று வழி.
மூத்த மகளின் மகள் பெற்றவன் போஜன்.
இளைய மகளின் மகள் ஹேமாவதி, தர்சனின் அம்மா.
"தெரிஞ்சே எங்க தலையில கட்டினாங்க" என்று
அவள் மாமியார் சந்தைவரைக்கும் சொல்லிவிட்டாள்.

சோதனை எளிது. பொறுமைதான் விலை.
முதலில் பையனும் புவனேந்திரனும் ஒரே குழாயில்.
பிறகு என் ரத்தநீர், காலையில் நானே எடுத்தது,
குறையில்லாதது, அதில் எனக்குப் பெருமையொன்றும் இல்லை.
முப்பத்தேழு டிகிரித் தண்ணீர், இரண்டு மணி நேரம்.
எதிர்ப்பொருள் அடிக்க ஆள் தேடும்.
பையனிடம் கிடைத்தால் அங்கேயே ஓய்ந்துவிடும்,
என்னுடையது தப்பித்து உறையும்.
கிடைக்காவிட்டால்
அடி என்மேல்.

போஜன்: அறுபத்தோரு நொடி.
தர்சன்: நூற்றுப் பதினெட்டு.

நம்பவில்லை.
பெயர்களை மறைத்து, க என்றும் ச என்றும் ஒட்டி,
இரண்டாம் குப்பியையும் உருக்கினேன்.
அறுபத்து மூன்று. நூற்றுப் பதினைந்து.

என் அப்பா எஸ்டேட்டில் செக்ரோல் எழுதியவர்.
அவர் கணக்கில் இரண்டு வகைப் பூஜ்யம்:
மலைக்கு வந்து, நிரையில் நின்று,
ஒரு கொழுந்தும் கிள்ளாதவன்;
லயத்தையே பூட்டிக்கொண்டு போனவன்.
கூடை எடை இருவருக்கும் ஒன்றுதான்.
போஜனின் ரத்தத்தில் காரணி இருக்கிறது,
கை ஓடாமல் நிற்கிறது.
தர்சனுக்கு அந்த வீடே பூட்டு.

ஹேமாவதி பெஞ்சின் நுனியில் இருந்தாள்.
"வீக்கம் வத்துமா?"
"இதனால வத்தாது."
"மருந்து மாறுமா?"
"இப்போதைக்கு இல்ல."
"அப்புறம் எதுக்கு இத்தன நேரம்?"

சொன்னேன். போஜனுடையது வேறு, இவனுடையது வேறு.
இரண்டும் ஒரே ஆளிடமிருந்து
வந்திருக்க வழி இல்லை.

வெகுநேரம் மழையைப் பார்த்தாள்.
"அப்போ இவனுக்கு எங்கேருந்து?"
"இந்தச் சோதனைக்குத் தெரியாது.
உங்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கலாம்.
வேறு வழியிலும் வந்திருக்கலாம்."
ஆறுதல் மாதிரிதான் சொல்லத் தொடங்கினேன்,
முடிக்கும்போது அது ஆறுதலாக இல்லை.

அவள் அழவில்லை.
"வேற வேறன்னு மட்டும் எழுதிக் குடுங்க.
தமிழ்ல.
முத்திரை நல்லா அழுத்தமா விழட்டும்."

டாக்டருக்கு அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.
எழுதினேன். அழுத்தினேன்.
பதிவேட்டில்: எதிர்ப்பொருள், பு. கையிருப்பு, இல்லை.

தாளை ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி,
ஒன்பது வயதுப் பையனை இடுப்பில் ஏற்றி,
முழங்கால் எதிலும் இடிக்காமல் ஒருக்களித்து
பஸ்ஸை நோக்கி இறங்கினாள்.

ஜெனரேட்டர் இருமியது.
மூன்றாம் தட்டில் ஒன்றுமில்லை.
ஆனாலும் எண்களைப் பார்த்தேன்.